கடலோரத்துப் பழைய பண்ணை வீட்டை விடுமுறை வாடகைக்கு விடலாமா?

வாசகர் கேள்வி, 4 மே 2025

பொறையாறு பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, தாத்தா கட்டிய பண்ணை வீடு. சீமை ஓடு, சுண்ணாம்புச் சுவர், நடுவில் முற்றம், கொல்லையில் கேணி. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டு, சுவருக்கு சிமென்ட் பூசி, முகப்பை மட்டும் பழைய தோற்றத்தில் விட்டுவைத்தால் விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார் என்ஜினியர். கடலிலிருந்து தள்ளி இருப்பதால் சட்டச் சிக்கலும் இல்லையாம். இப்படிச் செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

4 மே, இரவு

செய்திருக்கிறேன். பூம்புகார் பக்கம் எங்களுடையது, உங்களுடையதைப் போலவே முற்றம் வைத்த வீடு. அண்ணனும் நானும் பழுது பார்த்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

கான்கிரீட் வேண்டாம். ஓடு அழகு, பழமை புனிதம் என்பதற்காகச் சொல்லவில்லை. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தேடிப் போகும். கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும். கூடினால் தளம் விரியும், காரை பெயர்ந்து கீழே விழும். எங்கள் தெருவில் தொண்ணூறுகளில் ஓட்டைப் பிரித்து மொட்டை மாடி போட்ட வீடுகளைப் போய்ப் பாருங்கள். கம்பி எலும்புக்கூடாகத் தெரியும். அதே தெருவில் அதைவிட இரண்டு மடங்கு வயதான ஓட்டு வீடு நிற்கிறது. அதில் துருப்பிடிக்க ஒன்றுமில்லை.

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த என்ஜினியரிடம், கேணித் தண்ணீரில்தான் கான்கிரீட் கலக்கப் போகிறாரா என்று கேளுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு, அதாவது உப்பின் கூறு, இருக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. கம்பி இல்லாததற்கு 2000 வரை போகலாம். நம் பக்கத்துக் கேணிகளில் கோடையில் என்ன அளவு வரும் என்பதை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

5 மே

கீழே ஒருவர் "துருப்பிடிக்காமலிருக்க எபாக்ஸி பூசிய கம்பி போடலாமே" என்கிறார். போடலாம். அதை வளைக்கும்போதும் இழுத்துப்போடும்போதும் பூச்சு கீறாமல் பார்த்துக்கொள்ளும் கம்பி வேலைக்காரர் கிடைத்தால் எனக்கும் முகவரி அனுப்புங்கள்.

9 மே

சட்டத்துக்கு வருகிறேன். "ஒரு கிலோமீட்டர், அதனால் சிக்கல் இல்லை" என்பது பாதி உண்மை.

கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991இல் வந்தது. அப்புறம் 2011, 2019 என்று மாற்றி எழுதினார்கள். உயர் ஓத நீர்க்கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது கடல் தொடும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் என்பதுதான் எல்லாரும் மனதில் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் ஓதம் ஏறி இறங்கும் ஆறு, கழிமுகம், உப்பனாறு இவற்றின் கரைக்கும் அந்த அறிவிக்கை பொருந்தும். 2011இல் அங்கே 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. 2019இல் அந்த 100 மீட்டர் 50 ஆனது. உங்கள் கொல்லை வாய்க்காலில் முடிகிறதா, உப்பனாற்றில் முடிகிறதா? உப்பனாறு என்றால் கடல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதில் பயனில்லை. வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

மண்டலத்துக்குள் விழுந்தாலும் கதவு மூடிவிடாது. அனுமதி பெற்று ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை அதே அடித்தளப் பரப்பில் பழுது பார்க்கலாம். உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் அடித்தளப் பரப்பையும் வடிவத்தையும் முகப்பையும் மாற்றாமல் ஹோம்ஸ்டே நடத்த 2019 அறிவிக்கை இடம் கொடுக்கிறது. கவனியுங்கள், அங்கேயும் கான்கிரீட் மாடி உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. ஓட்டைப் பிரித்தால் வடிவம் மாறிவிட்டது என்று எழுத ஒருவருக்கு ஒரு பேனா போதும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று. பட்டா யார் பெயரில்? தாத்தா பெயரில் என்றால் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் பங்காளிகளைக் கூப்பிடுங்கள். வீடு இடிந்து கிடக்கும்வரை யாருக்கும் வேண்டாம். சுண்ணாம்பு அடித்த மறுநாள் எல்லாருக்கும் பிறந்த வீடு.

9 மே, சற்று நேரம் கழித்து

அடிமனையை விட்டுவிட்டேன். டெல்டாவில் பல ஊர்களில் வீடு நம்முடையது, மனை கோயிலுடையது அல்லது மடத்துடையது. மனைக்கு வாடகையாகப் பகுதி கட்டிவருகிறீர்களா என்று பழைய ரசீதுகளைத் தேடுங்கள். வாடகைத் தொழில் நடத்துவதற்குக் கோயில் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டியிருக்கும்.

17 மே

இப்போது சுண்ணாம்பு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவதே இங்கேதான்.

பழைய சுவரின் அடியில் ஈரம் தடுக்கும் படலம் ஏதும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறும், கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும், வருடத்துக்கு ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிட்டு மறுபடி அடித்துக்கொள்ளலாம். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறிக்கொண்டே போகும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லைப் பொடிக்கும். வெளியே பார்க்க வழவழவென்று இருக்கும். தட்டினால் டொப் டொப் என்று சத்தம் வரும். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு பலகை பலகையாக விழும், விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுவே நல்லது. குழியில் ஊறப்போட்டு, வாரக்கணக்கில் விட்டு, மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றி அரைப்பது செட்டிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, எங்கள் பக்கத்துப் பழைய கொத்தனார்களும் செய்ததுதான். அரைக்கும் இடத்தில் ஒரு புளித்த வாடை வரும். என் அண்ணி அந்தப் பக்கமே வரமாட்டாள்.

மணல் ஆற்று மணலோ நல்ல எம்சாண்டோ இருக்கட்டும். "பக்கத்திலேயே கடல் மணல் சும்மா கிடக்கிறதே" என்று லாரிக்காரர் சொல்வார். சும்மா கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது.

சுண்ணாம்பு இறுக நேரம் எடுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கெட்டிப்படுகிறது. சிமென்ட் மாதிரி நாளைக்கே ஆணி அடிக்க முடியாது. அவசரக்காரர்கள் இங்கேதான் மனம் மாறி சிமென்ட் மூட்டைக்குப் போன் போடுகிறார்கள்.

18 மே

"பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் அடிக்கலாமா?" கூடாது. வெளியே அடித்தால் அதுவும் ஒரு தோல், ஈரத்தை உள்ளே அடைக்கும். சுண்ணாம்பு அடியுங்கள். சட்டையில் ஒட்டும் என்று விருந்தாளி குறை சொல்வார். கொஞ்சம் வஜ்ஜிரமோ வேறு பசையோ கலந்தால் ஒட்டுவது குறையும்.

26 மே

ஓட்டைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். நாட்டு ஓடா, சீமை ஓடா என்பது வீட்டின் ஓட்டைத் தாங்கும் கைமரத்தைப் பொறுத்தது. நாட்டு ஓடு சின்னது, அடுக்கடுக்காகப் போடுவது, வருடா வருடம் மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். பூனையும் குரங்கும் ஓடினால் நகரும். சீமை ஓடு ஒன்றோடொன்று கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய பாணி அது. உங்கள் ஓட்டைக் கழற்றும்போது அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள், தயாரித்த இடத்தின் பெயர் அச்சில் இருக்கும். விருந்தாளிகளின் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. எங்கள் தாழ்வாரத்தில் உடைந்த ஓடுகளை வரிசையாக மாட்டியிருக்கிறோம்.

கைமரம் பனையாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள். முற்றிய பனையின் வயிரத்தைக் கரையான் லேசில் தொடாது. ஆசாரி நுனியில் உளியால் குத்திப் பார்ப்பார், சுவருக்குள் புதைந்த பகுதிதான் முதலில் போகும். அந்த நுனியை மட்டும் வெட்டிவிட்டுத் துண்டு சேர்க்கலாம். முழுக் கூரையையும் மாற்றச் சொல்லும் ஆசாரிக்கு வீட்டில் கல்யாணம் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

புயல் வந்தால் ஓடு தாங்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவது 1977 நவம்பர் 12 புயலைப் பற்றித்தான். நாகப்பட்டினம் பக்கம் கரையேறியது. 2018 நவம்பர் 16இல் கஜா வேதாரண்யம் பக்கம் போனபோது அந்தப் பகுதி ஓட்டு வீடுகளைப் போய்ப் பார்த்தேன். காற்று ஓட்டை அழுத்தி உடைக்கவில்லை, கீழிருந்து தூக்கி எடுத்திருந்தது. முதலில் போனவை கூரையின் கீழ் விளிம்பிலுள்ள இறவாரத்து ஓடுகளும் உச்சியிலுள்ள முகட்டு ஓடுகளும். அந்த இரண்டு வரிசையையும் மட்டும் காரை வைத்தோ செப்புக் கம்பியால் கட்டியோ இறுக்கிவிட்டால் நடுவிலிருப்பவை பெரும்பாலும் பிழைக்கின்றன. இரும்புக் கம்பியால் கட்டாதீர்கள். ஏன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

3 ஜூன்

நிறையப் பேர் கேட்பது: "கடலைப் பார்க்க யார் வருகிறார்கள், சென்னைக்காரர்களா, வெள்ளைக்காரர்களா?"

நாங்களும் அப்படி நினைத்துத்தான் தொடங்கினோம். வார இறுதி ஜோடிகள், சைக்கிளில் சுற்றும் ஐரோப்பியர்கள், தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள். வருகிறார்கள்தான். ஆனால் எங்கள் வீட்டை ஓட்டுவது திருக்கடையூர்.

அங்கே வருடம் முழுவதும் அறுபதாம் கல்யாணம், எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். ஒரு குடும்பம் என்றால் பதினைந்து இருபது பேர். லாட்ஜில் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதைவிட ஒரே வீட்டில் முற்றத்தைச் சுற்றிப் படுத்துக் கதை பேசத்தான் அவர்களுக்கு ஆசை. கூடத்தில் பாய் விரித்தால் எத்தனை பேரையும் கொள்ளும் வீடு அது, அதற்காகவே கட்டப்பட்டது. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிப் போய், மத்தியானம் மாலையும் கழுத்துமாகத் திரும்பி வந்து, சாயங்காலம் கடற்கரைக்குப் போவார்கள். அப்புறம் கீழப்பெரும்பள்ளம் கேது, திருவெண்காடு புதன், வைத்தீஸ்வரன்கோயில் செவ்வாய் என்று இன்னொரு நாள் தங்குவார்கள். செவ்வாய், புதன்கிழமைகளில் வீடு காலியாக இருக்கும் கவலையே இல்லை, முகூர்த்த நாள் எது என்று மட்டும் பார்த்தால் போதும்.

இது தெரிந்த பிறகு செலவு செய்ய நினைத்திருந்த இடமே மாறிப்போனது.

3 ஜூன், இரவு

என்ன மாறியது என்று கேட்கிறார்கள்.

நீச்சல் குளம் போடவில்லை. அந்தப் பணத்தில் கழிப்பறைகள். எண்பது வயதுப் பெரியவர் கொல்லைக் கோடிக்கு நடக்க முடியாது. கூடத்தை ஒட்டிய பழைய நெல் அறையைக் குளியலறை ஆக்கினோம். மேற்கத்தியக் கோப்பை, பிடித்து எழக் கைப்பிடி, வழுக்காத தரை. நிலைப்படிகள் முழங்கால் உயரம், அதனால் பக்கத்தில் சின்ன மரப்படி வைத்தோம். நிலையோ தாழ்வு. தாத்தா காலத்தில் எல்லாரும் குனிந்து போனார்கள், இப்போது வரும் பேரன்கள் ஆறடி. தலை இடிக்கும் இடத்தில் மாவிலைத் தோரணம் கட்டிவிட்டோம். நெற்றியில் மாவிலை உரசினால் தானாகக் குனிகிறார்கள். அந்த வீட்டிலேயே மிக மலிவான பாதுகாப்பு ஏற்பாடு அதுதான்.

கைப்பிடி, குழாய், தாழ்ப்பாள் வாங்கும்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். 304 கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும். 316இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். கதவுக்குப் பித்தளைக் கீல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

11 ஜூன்

ஏசி. ஓட்டு வீட்டில் ஏசி போடுவது சல்லடையில் தண்ணீர் பிடிப்பது. மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிடும், முற்றம் இருப்பதால் வீடு முழுக்கச் சுற்றும். ஆனால் ஏப்ரல், மே இரவுகளில் சில நாள் காற்று அடங்கிவிடும். அப்போது விருந்தாளியிடம் பாரம்பரியக் காற்றோட்டம் பற்றி வகுப்பு எடுக்க முடியாது. ஒரே ஓர் அறைக்கு மட்டும் ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து ஏசி வைத்தோம். பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவில் எலி குடியேறும் என்று அண்ணன் சொன்னான். எலி வந்தது. பலகையில் கழற்றக்கூடிய ஒரு கதவு வைத்து, ஓரங்களில் வலை அடித்த பிறகு குறைந்தது.

வெளியே வைக்கும் பெட்டியைக் கடல் பார்த்த பக்கம் வைக்காதீர்கள். உப்பு அதன் அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கும். மேற்குச் சுவரில் வைத்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் கொஞ்ச நாள் கூட உழைக்கும்.

13 ஜூன்

நேற்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். கடைமடைக்கு வந்து சேர இன்னும் நாளாகும். இது ஏன் இந்த இழையில் என்றால், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எங்கள் கேணி கொஞ்சம் இனிக்கும். கோடையில் கரிக்கும். போர் போட்டு ஆழத்திலிருந்து உறிஞ்சினால் கடல் நீரைத்தான் கூப்பிடுகிறோம். உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் என்றால் உள்ளூர் மக்கள் தங்கள் தேவைக்கு எடுப்பதைத் தவிர நிலத்தடி நீர் எடுக்கத் தடையும் இருக்கிறது.

எங்கள் ஏற்பாடு: குளிக்கக் கேணி, குடிக்கவும் சமைக்கவும் கேன், ஓட்டிலிருந்து விழும் மழைநீர் முற்றத்துத் தொட்டிக்கு, நிறைந்தால் கேணிக்கு. சோப்பு நுரைக்கவில்லை என்று சென்னைக்காரர் குறைபட்டார். வேளச்சேரியில் இவருக்கு என்ன பன்னீரா வருகிறது?

22 ஜூன்

இந்த இழையில் யாரும் கேட்காத கேள்வி: வீட்டில் யார் இருப்பார்கள்?

சுண்ணாம்பு, ஓடு எல்லாம் ஒருமுறை வேலை. வாடகை வீட்டின் உயிர் அங்கே தங்கும் ஆளிடம் இருக்கிறது. எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வது பக்கத்துக் குப்பத்து அக்காவும் அவர் கணவரும். அவர்கள் இல்லாத மாதங்களில் வீடு எப்படி ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். அடுப்பு எரியாத ஓட்டு வீட்டில் முகட்டில் பூச்சி ஏறுகிறது. திறக்காத அறையில் பூஞ்சை வாடை. பூட்டி வைத்து, வெள்ளிக்கிழமை மட்டும் வந்து திறந்து வாடகைக்கு விடலாம் என்று சென்னையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சம்பளம் மாதச் சம்பளமாக இருக்க வேண்டும். வரும் விருந்தாளிக்கு இவ்வளவு என்று பேசினால் நவம்பரில் ஆள் இருக்கமாட்டார்கள். நவம்பரில்தான் ஆள் தேவை.

அக்காவின் சங்கரா மீன் குழம்புக்காகவே திரும்பி வருகிறவர்கள் உண்டு. ஆனால் மணிவிழாக் குடும்பம் வந்தால் மீன் கிடையாது, அதற்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு. கொல்லைக் கொட்டிலை மீன் சமையலுக்கு ஒதுக்கிவிட்டோம். இதைப் பதிவு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், வந்திறங்கிய பிறகு கேட்டால் இரண்டு பக்கமும் முகம் சுருங்கும்.

23 ஜூன்

மயிலைப் பற்றி எச்சரிக்க மறந்தேன். முதல் நாள் சாயங்காலம் மதில்மேல் மயில் என்று படம் எடுத்துப் போட்டு ஐந்து நட்சத்திரம் தருவார்கள். மறுநாள் விடியற்காலை அது கத்தும். இரண்டு நட்சத்திரம் குறையும்.

6 ஜூலை

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அதற்கான அரசுப் படிவத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும், இதில் சோம்பல் கூடாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் எழுதிப் போடுவதற்கு முன்.

19 ஜூலை

கேள்வி கேட்டவர் நேற்று மறுபடி வந்திருக்கிறார். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதாம், ஒரு சித்தப்பா கையெழுத்துப் போட மறுக்கிறாராம், உப்பனாறு கொல்லைக்கு மிக அருகில்தானாம். "அப்படியானால் எல்லாவற்றையும் நிறுத்திவிடவா?" என்கிறார்.

வாடகையை நிறுத்துங்கள், வீட்டை நிறுத்தாதீர்கள். பங்கு தீர்வதற்குள் கூரை போய்விட்டால் பிறகு பங்கு பிரிக்க மனை மட்டும்தான் இருக்கும். சித்தப்பாவிடம் "ஓடு மாற்றப் போகிறேன், செலவு என்னுடையது, பங்கில் கழிக்கமாட்டேன்" என்று எழுதிக் கொடுங்கள், அதற்கு அவர் மறுப்புச் சொல்ல வழியில்லை. அக்டோபரில் மழை தொடங்குவதற்கு முன் இவ்வளவு போதும்: உடைந்த ஓடுகளை மாற்றுவது, முகட்டு வரிசைக்குச் சுண்ணாம்புக் காரை, முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பைத் தூர்வாருவது, சுவரோரம் முளைத்திருக்கும் அரசங்கன்றை வேரோடு எடுப்பது. பழைய சீமை ஓடு வேண்டுமென்றால் மயிலாடுதுறை பக்கம் வீடு இடிக்கும் இடங்களில் விசாரியுங்கள், புதியதைவிட மலிவாகக் கிடைக்கும். அளவு பொருந்துகிறதா என்று பார்க்க உங்கள் ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள்.

என்ஜினியருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையே?

20 ஜூலை

கொடுத்துவிட்டாராம். சரி, அந்தப் பணத்துக்கு அவரையே செப்டிக் டேங்க் வரைபடம் போடச் சொல்லுங்கள். கேணியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளி, ஆற்றுப் பக்கம் இல்லாமல். அது என்றைக்கானாலும் தேவைப்படும்.